முயலுக்குள்ள ஒரு மெஸ் செகரெட்டரி!



வெள்ளிக்கிழமை காலையில பெங்களூரு பஸ்ல ஏறி குந்தாரப்பள்ளி கூட்ரோட்டுல இறங்கிப் பாருங்க. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் ஒரே வாக்கியத்துல கலந்து அடிக்கும். பக்ரீத், தீபாவளி நெருங்கினா ஆட்டுச் சந்தையில கால் வைக்க இடம் இருக்காது. அங்கே வியாபாரி அண்ணன்கள் ஆடு வாங்குற ஸ்டைலே தனி. முதல்ல வாயைத் திறந்து பல்லைப் பாப்பாங்க. அப்புறம் முதுகெலும்பு மேல கட்டை விரலை வச்சு ஒரு அழுத்து. கடைசியா முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவுல கையக் குடுத்து ஒரு தூக்கு. அவ்வளவுதான், 'இவ்ளோ கிலோ கறி விழும்'னு சொல்லிடுவாங்க. தராசு வச்சுப் பாத்தாலும் பெருசா தப்பாது.

சரி பாஸ், அந்தக் கட்டை விரலுக்கு ஒரு சின்ன டெஸ்ட். கறி எவ்ளோன்னு தெரியும். கறி எப்படி இருக்கும்? வாயில வச்சா பஞ்சு மாதிரி போகுமா, இல்ல குக்கர்ல எட்டு விசில் விட்டும் ரப்பரா இருக்குமா? அது அந்த விரலுக்குத் தெரியாது. இத்தனைக்கும் மைசூர், மண்டியா பக்கத்து பன்னூர் ஆட்டைப் பாருங்க... குள்ளமா இருக்கும், எடை போட்டா பெரிய நம்பர் வராது. ஆனா கறிக்குன்னு ஒரு தனிப் பேர், தனி விலை. உருவமும் ருசியும் ஒண்ணு இல்லைன்னு எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற சாப்பாட்டு ரசிகர்களுக்கு ரொம்ப நாளாவே தெரியும்!

இந்த வாரம் ஆடு இல்ல, முயல். ஏன்னா, ஓசூர் சிப்காட்ல ஷிஃப்ட் பாக்குற பசங்கள்ல இருந்து காலேஜ் ஃபைனல் இயர் வரைக்கும் 'வீட்டுக்குப் பின்னாடி கொஞ்சம் இடம் இருக்கு, முயல் பண்ணை போடலாமா?'ங்கிற கேள்வி ஓடிட்டே இருக்கு. கூடவே ஒரு விளம்பர வார்த்தையும் சுத்துது: 'நல்ல ஜீன் உள்ள முயல்'. அப்பாவோட பி.எஃப். பணமோ, அம்மாவோட நகையோ அந்த ஒரு வார்த்தையை நம்பி போறதுக்கு முன்னாடி, ஜீன்னா உள்ள என்னதான் பண்ணுதுன்னு பாத்துடலாமே.

முதல்ல ஒரு சட்ட விஷயம். நம்ம மாங்காட்டுல, கொள்ளு வயல்ல திடீர்னு குதிச்சு ஓடுமே, அந்தக் காட்டு முயல் வேற ஜாதி. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல அது பாதுகாக்கப்பட்ட உயிரினம். நைட்ல டார்ச் அடிச்சுப் பிடிச்சு ஃபோட்டோ போட்டீங்கன்னா வனத்துறை ஆட்கள் வீட்டுக்கே வருவாங்க. பண்ணை முயல் ஐரோப்பாவுல இருந்து வந்தது. நியூசிலாந்து ஒயிட், சோவியத் சின்சில்லா, ஒயிட் ஜெயன்ட்னு பேர் எல்லாம் பாஸ்போர்ட் மாதிரி இருக்கும். நம்ம ஊர்ல இதை வச்சு வேலை பாக்குற இடங்கள்ல ரெண்டு மலை மேல இருக்கு. கொடைக்கானல் மன்னவனூர்ல மத்திய அரசோட செம்மறி ஆடு ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ஒரு மையம் இருக்கு. நீலகிரி சாண்டிநல்லாவுல நம்ம கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தோட நிலையம். ஏன் மலை மேலன்னு பின்னாடி சொல்றேன்.

இப்ப ஜீனுக்கு வருவோம். பிளஸ் டூ புக்ல படிச்சதை மறந்துட்டு, உங்க ஹாஸ்டல் மெஸ்ஸை நினைச்சுக்குங்க.

மெஸ் ஆபீஸ் ரூம்ல ஒரு பெரிய சமையல் புத்தகம் இருக்கு. இட்லியில இருந்து பிரியாணி வரைக்கும் எல்லா அயிட்டமும் அதுல எழுதியிருக்கு. அதான் டி.என்.ஏ. ஒவ்வொரு அயிட்டமும் ஒரு ஜீன். ஆனா புத்தகத்துல பிரியாணி இருக்குங்கிறதுக்காக தினமும் பிரியாணியா போடுறாங்க? இன்னைக்கு என்ன, எத்தனை பேருக்கு, எத்தனை மணிக்குன்னு முடிவு பண்றது மெஸ் செகரெட்டரி. அவர் ஒரு சீட்டுல எழுதி கிச்சனுக்கு அனுப்புவார். சீட்டுதான் எம்.ஆர்.என்.ஏ. கிச்சன்ல ரெடியாகி வர்ற சாப்பாடுதான் புரோட்டீன். இந்த செகரெட்டரி வேலை இருக்கே, அதுக்குப் பேர்தான் ஜீன் ஒழுங்குமுறை. முயலோட காதுலயும் தொடையிலயும் இருக்கிறது அதே புத்தகம்தான். காதுல ஒரு பக்கத்தைத் திறக்குறாங்க, தொடையில வேற பக்கத்தைத் திறக்குறாங்க. காது காதா இருக்கு, தொடை லெக் பீஸா இருக்கு!

இதுல ஒரு வில்லனும் உண்டு. ஆபீஸ்ல இருந்து கிச்சனுக்குப் போற சீட்டை வழியிலேயே பிடிச்சுக் கிழிச்சுப் போடுற ஆள். மைக்ரோ ஆர்.என்.ஏ.ன்னு பேர். குட்டியூண்டு மூலக்கூறு. சில சீட்டுகளை மட்டும் அடையாளம் கண்டு கிழிக்கும். வில்லன்னு சொல்லிட்டேனே தவிர, அவர் இல்லேன்னா கிச்சன்ல தேவையில்லாததெல்லாம் வெந்துட்டு இருக்கும்.

இந்தக் கிழிக்கிற பார்ட்டி எவ்ளோ பெரிய வேலை பண்ணும்னு டெக்ஸெல் செம்மறி ஆட்டுல தெரிஞ்சுது. ஐரோப்பாவுல கறிக்குப் பேர் போன, கட்டுமஸ்தான ஆடு. ஜிம் பாடி! தசை வளர்ச்சிக்கு பிரேக் போடுற மயோஸ்டாட்டின்னு ஒரு புரோட்டீன் உண்டு. 1997-ல அமெரிக்காவுல கண்டுபிடிச்சாங்க. பெல்ஜியன் புளூ மாட்டுல அந்த ஜீனே உடைஞ்சு கிடக்கு, அதனால மாடு மலை மாதிரி நிக்குது. டெக்ஸெல்லயும் அப்படித்தான் இருக்கும்னு தேடினா... ஜீன் சுத்தமா இருக்கு, புரோட்டீனோட செய்முறையில ஒரு தப்பும் இல்ல! பெல்ஜியத்து ஆராய்ச்சியாளர்கள் 2006-ல விடை சொன்னாங்க. செய்முறை முடிஞ்ச பிறகு, சீட்டோட வால்பகுதியில ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கு. 'ஜி' இருக்க வேண்டிய இடத்துல 'ஏ'. அந்த ஓர் எழுத்தால, தசையில நிறைய இருக்கிற ரெண்டு மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களுக்கு அந்தச் சீட்டு 'நம்ம சீட்டு'ன்னு தோணிடுச்சு. கிழிச்சுத் தள்ளிட்டாங்க. பிரேக் லூஸ், தசை ஏறிடுச்சு.

பன்றியிலயும் இதே கதை வேற ரூபத்துல நடந்திருக்கு. 2003-ல ஸ்வீடன், பெல்ஜியம் டீம் ஒண்ணு ஐ.ஜி.எஃப்.2ங்கிற வளர்ச்சி ஜீனுக்குள்ள, புரோட்டீனா மாறாத வெத்துப் பகுதியில ஓர் எழுத்து மாற்றத்தைக் கண்டுபிடிச்சுது. அங்கே உக்காந்து 'போதும் போதும்'னு அடக்குற ஒரு புரோட்டீன் இனிமே உக்கார முடியாமப் போச்சு. தசையில அந்த ஜீனோட வேலை சுமார் 3 மடங்கு ஏறி, கொழுப்பு குறைஞ்சு கறி கூடுச்சு.

'அப்ப சூப்பர் பாஸ், சுவிட்சைத் தட்டினா கறி ரெடி!'ன்னு துள்ளாதீங்க. அடுத்த கதை அதுக்குத்தான்.

1983. அமெரிக்காவோட ஓக்லஹோமா. ஒரு கிடாவோட பின்பக்கம் மட்டும் அசாதாரணமா உருண்டு திரண்டு இருந்துச்சு. சொந்தக்காரர் அதுக்கு வச்ச பேர் 'சாலிட் கோல்டு'. பின்னாடி விஞ்ஞானிகள் அந்த மாற்றத்துக்கு கிரேக்க மொழியில இருந்து 'கேலிபைஜ்'னு பேர் எடுத்தாங்க. அர்த்தம், 'அழகான பின்புறம்'. சத்தியமா! சயின்ஸ்காரங்களுக்கும் குசும்பு உண்டு. இங்கேயும் எந்த ஜீனும் உடையலை. ரெண்டு ஜீனுக்கு நடுவுல இருக்கிற காலி இடத்துல ஓர் எழுத்து மாறியிருக்கு, அவ்ளோதான். அதுவும் அப்பாகிட்ட இருந்து வந்து, அம்மாகிட்ட இருந்து சாதா ரகம் வந்தா மட்டும்தான் குட்டிக்கு அந்த உருவம் வரும். ரெண்டு பேர்கிட்ட இருந்தும் வந்தா வராது! விதியோட விளையாட்டுதான்.

கறி அதிகம், கொழுப்பு கம்மி, தீவனம் மிச்சம். கோடீஸ்வரன் ஆகிடலாம்னு பாத்தா, வெட்டி சமைச்ச பிறகுதான் குட்டு வெளிப்பட்டுச்சு. முதுகுப் பகுதிக் கறி கடிக்கவே முடியலை. காரணம் இதுதான். உயிர் போன பிறகு கறி மெதுவாகணும்னா, தசையில கால்பெயின்ங்கிற என்சைம் நார்களை வெட்டணும். கால்பாஸ்டாட்டின்னு இன்னொண்ணு அந்தக் கத்தரிக்கோலைப் பூட்டி வைக்கும். இந்த ஆடுகள்ல பூட்டு ரொம்ப அதிகம். உயிரோட இருக்கும்போது நார் கரையாததால தசை ஏறுச்சு. அதே காரணத்தால செத்த பிறகும் நார் கரையலை. சந்தையில அழுத்திப் பாக்குற கட்டை விரல் இந்த ஆட்டுக்கு நூத்துக்கு நூறு மார்க் போட்டிருக்கும்!

இப்ப முயல்.

முயல் முதுகுக் கறி வெளுப்பா இருக்கும், கோழி நெஞ்சுக்கறி மாதிரி. வேகமா சுருங்கி வேகமா களைச்சுப் போற தசை நார்கள்தான் அதுல மெஜாரிட்டி. ஆக்சிஜனைப் பிடிச்சு வைக்கிற சிவப்பு மயோகுளோபின் கம்மி. 100 கிராம் முதுகுக் கறியில தசைக்குள்ள இருக்கிற கொழுப்பு சுமார் ஒரு கிராம்தான். டாக்டர் கிட்ட நல்ல பேர் வாங்கும். நாக்கு கிட்ட? 'சப்புனு இருக்கு'ங்கிற புகார் வர்றதும், கொஞ்சம் அதிகமா வெந்தா வறண்டு போறதும் இந்த ஒரு கிராம் விவகாரத்தாலதான். தசைக்குள்ள நரம்பு நரம்பா ஓடுற கொழுப்புதான் சாறையும் மணத்தையும் குடுக்குது. வயித்துக்குள்ள சிறுநீரகத்தைச் சுத்தி சேர்ற கொழுப்பு வேற. அதை வெட்டி எறியத்தான் போறோம்.

ஸ்பெயின்ல வலென்சியா பாலிடெக்னிக் பல்கலைக்கழகம் இதை வச்சு ஒரு பொறுமையான சோதனை பண்ணுச்சு. ஒரே மூலக் கூட்டத்துல இருந்து ரெண்டு பரம்பரை பிரிச்சாங்க. ஒண்ணுல தசைக் கொழுப்பு கூடுதலா உள்ளதை மட்டும், இன்னொண்ணுல குறைவா உள்ளதை மட்டும் தலைமுறை தலைமுறையா தேர்ந்தெடுத்து வளர்த்தாங்க. இதுல சிக்கல் என்னன்னா, தசைக் கொழுப்பை அளக்கணும்னா முயலை அறுத்தாகணும். அறுத்துட்டா அது எப்படி அப்பா அம்மா ஆகும்? அதனால கூடப் பிறந்த அண்ணன் தங்கச்சியை 9 வாரத்துல அறுத்து அளந்து, மிச்சம் இருக்கிற உடன்பிறப்பைத் தேர்ந்தெடுத்தாங்க. ரெண்டு பரம்பரையும் தலைமுறைக்குத் தலைமுறை தெளிவா விலகிப் போச்சு. அதாவது தசைக் கொழுப்பு நல்லாவே பரம்பரையா வரக்கூடிய விஷயம். ஆனா இதுவும் ஃப்ரீ இல்ல. கொழுப்பு கூடின பரம்பரையில வயித்துக்குள்ள சேர்ற வேஸ்ட் கொழுப்பும் கூடிச்சு, கொழுப்போட ரகமும் மாறுச்சு. ஒரே ஒரு ஸ்டார் ஜீன் எல்லாத்தையும் ஆட்டி வைக்கலை. கொழுப்பைக் கட்டுற, எரிக்கிற, சுமந்துட்டுப் போற ஏகப்பட்ட ஜீன்கள் ஆளுக்குக் கொஞ்சம் தள்ளுது.

முயல் காட்டுல இருந்து கூண்டுக்கு வந்ததே இப்படித்தானாம். 2014-ல காட்டு முயலையும் வீட்டு முயலையும் டி.என்.ஏ. அளவுல ஒப்பிட்டு ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு. வீட்டு முயலா மாத்தின 'அந்த ஒரு ஜீன்' எங்கேன்னு தேடினா அப்படி ஒண்ணே இல்ல. ஜீன்களை ஏத்தி இறக்குற பகுதிகள்ல நிறைய குட்டிக் குட்டி மாற்றங்கள். அதுலயும் மூளை வளர்ச்சி ஜீன்களைச் சுத்தித்தான் அதிகம். பயப்படுற குணம் குறைஞ்சதாலதான் உங்க கையில உக்காந்து கீரை திங்குது.

'இவ்ளோ தலைமுறை யார் காத்திருக்கிறது, கிரிஸ்பர் கத்திரியால மயோஸ்டாட்டினை வெட்டிட்டா என்ன?'ன்னு கேக்குற ஆளா நீங்க? சீனாவுல வெட்டிப் பாத்தாச்சு. 2016-ல ரிசல்ட் வந்துச்சு. தசை ஏறுச்சு, உண்மை. கூடவே நாக்கு பெருத்துப் போன குட்டிகள், செத்துப் பிறந்த குட்டிகள், பிறந்த கொஞ்ச நாள்லயே போன குட்டிகள். செகரெட்டரி கையைக் கொஞ்சம் அசைக்கிறதும், அவரை டிஸ்மிஸ் பண்றதும் ஒண்ணு இல்லையே! நம்ம நாட்டுலயும் 2025-ல காஷ்மீர் வேளாண் பல்கலைக்கழகம், மயோஸ்டாட்டின் ஜீனைத் திருத்தின செம்மறிக் குட்டியை இந்தியாவோட முதல் ஜீன் எடிட்டட் ஆடுன்னு அறிவிச்சுது. அந்தக் குட்டி வளர்ந்து, அதோட குட்டிகளும் நல்லா இருக்கான்னு பாக்காம நான் விசில் அடிக்கிறதா இல்ல. அதோட கறி மெதுவா இருக்குமாங்கிறது அதுக்கும் அடுத்த கேள்வி.

சரி, ஆராய்ச்சிக்கூடம் இல்லாத நம்ம கையில என்ன இருக்கு? நிறைய இருக்கு. செகரெட்டரி சும்மா உக்காந்து எழுதறது இல்ல. வெயில், தீவனம், பயம் எல்லாத்தையும் பாத்துத்தான் எழுதுறார்.

வெயில்ல இருந்து ஆரம்பிப்போம். முயலுக்கு நம்மளை மாதிரி வேர்த்துக் கொட்டி உடம்பைக் குளிர வைக்கத் தெரியாது. காதுல ஓடுற ரத்தக்குழாயை விரிச்சுத்தான் சூட்டை வெளியேத்தும். 30 டிகிரி தாண்டிட்டா தவிச்சுப் போயிடும். செல்லுக்குள்ள 'வெப்ப அதிர்ச்சிப் புரோட்டீன்' ஜீன்கள் எல்லாம் அவசர டூட்டிக்கு வந்துடும். தீனி குறையும், வளர்ச்சி குறையும், ஆண் முயலுக்கு விந்து தரமே இறங்கிடும். மன்னவனூரும் சாண்டிநல்லாவும் ஏன் மலை மேல இருக்குன்னு இப்பப் புரியுதா? ஓசூர் கடல் மட்டத்துல இருந்து சுமார் 900 மீட்டர் உயரம், தப்பிச்சுது. கிருஷ்ணகிரி சுமார் 500 மீட்டர்தான். சூளகிரி தாண்டி இறங்க இறங்க பஸ் ஜன்னல்ல அடிக்கிற காத்தே மாறும் இல்லையா? ஓசூர்ல ஜெயிச்ச மாடலை ஏப்ரல் மாசத்து குந்தாரப்பள்ளியில தகர ஷீட்டுக்குக் கீழ அப்படியே வச்சா, எந்த நாட்டுப் பாஸ்போர்ட் முயலும் தாங்காது. கீத்துக் கொட்டகை, மரநிழல், மேல ஈரச் சாக்கு... இதுக்கு ஆகுற செலவு 'ஒரிஜினல் ஜீன்'னு கூடுதலா கேக்குற விலையைவிடக் கம்மிதான்.

தீவனத்துல முயலுக்கு ஒரு ஸ்பெஷல் உண்டு. ஆடு, மாடு சாப்பிடுற கொழுப்பை முதல் வயித்துல இருக்கிற நுண்ணுயிர்கள் மாத்திப் போட்டுடும். முயலுக்கு அந்த நொதிக்கிற தொட்டி குடலோட பின்பகுதியில இருக்கு. அதனால கொழுப்பு முன்னாடியே உறிஞ்சப்பட்டு, கிட்டத்தட்ட அப்படியே கறிக்குப் போயிடும். தீவனத்துல ஆளி விதை சேர்த்தா முயல் கறியில ஒமேகா 3 ஏறுறது இதனாலதான். நம்ம ஊர்ல வேலி மசால், அகத்தி, முருங்கைன்னு பச்சைக்குப் பஞ்சம் இல்ல. 'முயல் மசால்'னே ஒரு தீவனப் பயிர் இருக்கு, பேரே அழைக்குது பாருங்க! (நைட்ல முயல் தன்னோட மெதுவான புழுக்கையைத் தானே சாப்பிடும். நோயின்னு பயந்து ஊசி போட ஓடாதீங்க, அது அதோட செகண்ட் ரவுண்டு டிஃபன்.)

அப்புறம் பயம். ரொம்ப நேரம் கூடையில அடைச்சு, டூ வீலர்ல வெயில்ல குலுக்கிட்டுப் போய் உடனே அறுத்தா, தசையில சேமிச்ச கிளைக்கோஜன் வழியிலேயே காலியாகிடும். அறுத்த பிறகு லாக்டிக் அமிலமா மாறி கறியோட பி.எச். அளவை 5.7 வாக்குல கொண்டு வர வேண்டிய சரக்கு அதுதான். அது இல்லேன்னா கறி கருத்துப் போய், சீக்கிரம் கெடும். மூணு மாசம் பாத்துப் பாத்து வளர்த்த கறி, மூணு மணி நேரத்துல போச்சு.

இப்ப அந்த விளம்பரத்துக்கு வருவோம். 'எங்ககிட்ட குட்டி வாங்குங்க, வளர்த்துக் குடுங்க, நாங்களே திருப்பி வாங்கிக்கிறோம்'. இந்த டயலாக்கை எங்கேயோ கேட்டிருப்பீங்க. 2012-ல ஈமு கோழியில பெருந்துறை பக்கம் ஆரம்பிச்சு மாநிலம் முழுக்க எத்தனை குடும்பம் பணத்தைப் பறிகொடுத்துச்சுன்னு வீட்டுல பெரியவங்களைக் கேளுங்க. ஈமு பாவம், அது என்ன பண்ணும்! கறியை வாங்கிச் சாப்பிட ஆள் இல்லாம, குட்டி விக்கிறதே பிசினஸா இருந்துச்சு. முயல்லயும் குட்டி விக்கிறவர்கிட்ட கேக்க வேண்டியது ஜீன் பேரை இல்ல. 'அண்ணே, போன மாசம் எத்தனை கிலோ கறி, யாருக்கு வித்தீங்க?' இது ஒண்ணு. 'இந்தக் குட்டியோட அப்பா யாரு, அம்மா யாரு, எழுதி வச்சிருக்கீங்களா?' இது ரெண்டு. வாயைத் திறக்கலேன்னா கிளம்பிடுங்க. ஆண், பெண் ரெண்டும் ஒரே ஈத்துல பிறந்ததா இருந்து, அதுகளையே ஜோடி சேர்த்தீங்கன்னா, மறைஞ்சு கிடக்கிற குறை எல்லாம் குட்டியில வெளிய வரும்.

சந்தேகம் கேக்கணும்னா மத்திகிரி பக்கத்துலதான் இருக்கு. 1824-ல ஆரம்பிச்ச அரசு கால்நடைப் பண்ணை அங்கே. கால்நடைப் பல்கலைக்கழகத்தோட கோழியினக் கல்லூரியும் ஓசூர்லதான். படிக்கிற பசங்களா போய் மரியாதையா கேட்டா, யார்கிட்ட விசாரிக்கணும்னாவது வழி சொல்லுவாங்க.

கடைசியா, 20 ரூபாய்க்கு ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கிக்குங்க. ஒவ்வொரு பெண் முயலுக்கும் ஒரு பக்கம். சேர்த்த தேதி, குட்டி போட்ட தேதி (31 நாள் வாக்குல போடும்), எத்தனை குட்டி, தாய்கிட்ட இருந்து பிரிக்கிற அன்னைக்கு எத்தனை உயிரோட, மொத்த எடை என்ன, 12 வாரத்துல என்ன எடை. கறியை வாங்கிட்டுப் போன பக்கத்து வீட்டு அக்கா 'நல்லா இருந்துச்சு'ன்னு சொன்னாங்களா, 'நார் நாரா இருந்துச்சு'ன்னு சொன்னாங்களாங்கிறதையும் மறக்காம அதே பக்கத்துல எழுதுங்க. ஒரு வருஷம் கழிச்சுப் புரட்டினா, எந்த அம்மாவோட குட்டியை அடுத்த தலைமுறைக்கு வச்சுக்கணும்னு அந்த நோட்டே சொல்லிடும். வலென்சியாக்காரங்க பண்ணதும் இதைத்தான். என்ன, அவங்க நோட்டு கொஞ்சம் பெருசு!